கண்ணோடு முடிந்துவிடும் நோயா கிளாகோமா?

கிளாகோமா எனப்படும் கண் அழுத்த நோயைப் பற்றி நம்மிடையே புழங்கும் விளக்கம் ஏறக்குறைய ஒன்றேதான். கண்ணுக்குள் ஒரு நீர் இடைவிடாமல் சுரக்கிறது. அது வடிய வேண்டிய வழி அடைபடுகிறது. நீர் தேங்கி அழுத்தம் ஏறுகிறது. ஏறிய அழுத்தம் பார்வை நரம்பை மெல்லக் கொல்கிறது. இதை விளக்க ஒரு தொட்டியையும் திறந்த குழாயையும் அடைத்துக்கொண்ட வடிகாலையும் வரைந்து காட்டுவார்கள். வடிகால் ஏன் அடைத்தது என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும்: வயதாகிவிட்டது, அல்லது குடும்பத்தில் யாருக்கோ இருந்திருக்கிறது. விசாரணை அங்கே முடிந்துவிடும். நோயாளிக்குத் தைராய்டு கோளாறு உண்டா, மாதவிடாய் எந்த வயதில் நின்றது, தோல் அரிப்புக்கு ஆண்டுக்கணக்கில் என்ன களிம்பு பூசுகிறார், ஆஸ்துமாவுக்கு எதை உறிஞ்சுகிறார் என்பதெல்லாம் வேறு துறையின் கேள்விகளாகிவிடுகின்றன. கிளாகோமா கண்ணின் நோய், கண்ணோடு முடிந்துவிடும் நோய் என்ற இந்த நம்பிக்கை படித்தவர்களிடமும் இருக்கிறது. மருத்துவத்தின் அன்றாட நடைமுறைக்குள்ளும் இருக்கிறது. இது தவறு. பலருடைய பார்வையைப் பறிக்கிற தவறு. உடலின் ஹார்மோன்கள் கண்ணின் அழுத்தத்தில் கை வைக்கின்றன. அவை நிலைகுலையும்போது கிளாகோமாவும் வரக்கூடும். இதற்கான சான்றுகள் எழுபது ஆண்டுகளாக மருத்துவ இலக்கியத்தில் சேர்ந்துகொண்டே வந்திருக்கின்றன.

தொட்டிப் படத்தின் முதல் பிழை, வடிகாலை உயிரற்ற ஒரு துளையாகக் காட்டுவது. கருவிழியும் வெண்விழியும் சந்திக்கும் கோணத்தில், வலைபோல் பின்னிய ஒரு மெல்லிய திசு வழியாகத்தான் கண்ணின் உள்நீர் பெரும்பாலும் வடிகிறது. அந்த வலையை உயிரணுக்கள் போர்த்தியிருக்கின்றன. அவை கழிவை விழுங்குகின்றன, தம்மைச் சுற்றியுள்ள நாரை உண்டாக்குகின்றன, கரைக்கின்றன, சுருங்குகின்றன, தளர்கின்றன. இவ்வளவும் செய்யும் உயிரணு இரத்தத்தில் வரும் கட்டளைகளைக் கேளாமல் இருக்குமா? கேட்கிறது என்பதை மருத்துவம் கசப்பான அனுபவத்தின் மூலமே கற்றது. 1948இல் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச், அட்ரீனல் சுரப்பியில் கண்டறியப்பட்ட கார்ட்டிசோன் என்னும் ஹார்மோனை மூட்டுவாத நோயாளிகளுக்குக் கொடுத்தார். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். 1950இல் ஹென்ச்சுக்கும் எட்வர்ட் கெண்டலுக்கும் டாடியஸ் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதே 1950இல், அட்ரீனலைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனைப் பெற்றவர்களின் கண்ணழுத்தம் ஏறியதைக் குறிப்பிடும் முதல் பதிவும் வந்துவிட்டது. 1954இல் பெல்ஜியத்தின் ஜூல் பிரான்சுவா, கார்ட்டிசோனைக் கண்ணில் இட்டவர்களுக்குக் கிளாகோமா வந்ததை எழுதினார். உலகம் அந்த மருந்தைக் கொண்டாடிக்கொண்டிருந்த அதே வேளையில் கண் எச்சரித்துக்கொண்டிருந்தது.

1960களில் அமெரிக்காவில் மன்சூர் அர்மாலியும் பெர்னார்ட் பெக்கரும் தனித்தனியே இதை அளந்து பார்த்தார்கள். கண் நலமாக உள்ளவர்களுக்குச் சில வாரங்கள் கார்ட்டிசோன் குடும்பத்து ஸ்டீராய்டு சொட்டு மருந்து கொடுத்து அழுத்தத்தைக் கணக்கெடுத்தபோது மக்கள் மூன்று வகையாகப் பிரிந்தார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு அழுத்தம் அசையவில்லை. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு ஓரளவு ஏறியது. நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கோ ஆபத்தான அளவுக்கு எகிறியது. ஏற்கெனவே திறந்த கோணக் கிளாகோமா (வடிகால் கோணம் மூடாமலே வரும் வகை) உள்ளவர்களிடம் இதே சோதனையைச் செய்தால், அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அழுத்தம் ஏறியது. அவர்களின் நெருங்கிய இரத்த உறவினர்களிடமும் அந்தப் போக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. இதன் பொருளை நின்று யோசிக்க வேண்டும். 'பரம்பரை' என்ற ஒரே சொல்லில் நாம் மூடி வைத்திருக்கும் பெட்டிக்குள், ஒரு ஹார்மோனுக்கு உடல் எப்படி எதிர்வினை காட்டுகிறது என்ற பரம்பரையும் இருக்கிறது. ஹார்மோனும் பரம்பரையும் எதிரெதிர்க் காரணங்கள் அல்ல. ஒன்றன் வழியாக மற்றொன்று வேலை செய்யக்கூடும்.

மரபணு ஆராய்ச்சியே இதற்கு இன்னொரு சாட்சி. திறந்த கோணக் கிளாகோமாவோடு தொடர்புபடுத்தப்பட்ட முதல் மரபணு 1997இல் அடையாளம் காணப்பட்டது. இன்று மயோசிலின் என்று அழைக்கப்படுவது அதுதான். அந்த மரபணு உண்டாக்கும் புரதம் அதற்கு முன்பே ஆய்வகத்தில் வேறொரு வழியில் கண்ணில் பட்டிருந்தது. வடிகால் வலையின் உயிரணுக்களை வளர்த்து, அவற்றின்மேல் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டை ஊற்றியபோது அவை மிகுதியாகச் சுரந்த புரதமாகத்தான் ஆய்வாளர்கள் அதை முதலில் அறிந்தார்கள். அந்த மரபணுவில் பிழை உள்ளவர்களுக்குத்தான் ஸ்டீராய்டால் அழுத்தம் ஏறுகிறது என்று இதற்குப் பொருளில்லை, அப்படி நிரூபணமாகவில்லை. ஆனால் கிளாகோமா மரபணு வேட்டையின் முதல் வெற்றிக்கு, ஒரு ஹார்மோன் வலைத்திசுவில் பதித்த தடமும் வழிகாட்டியது என்பது உண்மை. ஸ்டீராய்டு அங்கே செய்யும் வேலையும் இன்று ஓரளவு தெளிவாகியிருக்கிறது. உயிரணுவின் உள்சட்டகம் முறுக்கிக்கொண்டு இறுகுகிறது, சுற்றியுள்ள நார்ப்பொருள் மிகுதியாகப் படிகிறது, கழிவை விழுங்கும் வேலை மந்தமாகிறது. சில வாரங்களில் வடிகால் தடித்துப்போகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். நீங்கள் சொல்வது மருந்தின் பக்கவிளைவு. ஹார்மோன் கோளாறு எங்கே வந்தது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் நிற்காது. மருந்தாக வரும் ஸ்டீராய்டு எந்த ஏற்பியைப் பற்றிக்கொண்டு வேலை செய்கிறதோ, அதே ஏற்பியைத்தான் நம் அட்ரீனல் சுரக்கும் கார்ட்டிசாலும் பற்றுகிறது. அது மருந்துக் கடையிலிருந்து வந்ததா, சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து வந்ததா என்று ஏற்பி விசாரிப்பதில்லை. குஷிங் நோயை எடுத்துக்கொள்ளுங்கள். பிட்யூட்டரியில் உள்ள சிறு கட்டியோடு இந்த நோயை ஹார்வி குஷிங் 1932இல் தொடர்புபடுத்தினார். அந்தக் கட்டி உடலைக் கார்ட்டிசாலில் மூழ்கடிக்கிறது. இந்த நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குக் கண்ணழுத்தம் ஏறுவதும், கட்டியை அகற்றிக் கார்ட்டிசால் இறங்கியபின் அழுத்தமும் இறங்குவதும் பதிவாகியிருக்கின்றன. கண்ணைத் தொடாமல், தலைக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ செய்த ஓர் அறுவைச் சிகிச்சையால் கண்ணழுத்தம் தணிகிறது என்றால், நோய் கண்ணோடு முடிந்துவிடுகிறது என்ற வாதத்துக்கு என்ன மிச்சம்? எல்லாக் குஷிங் நோயாளிக்கும் இது வருவதில்லை என்பதும் உண்மை. அர்மாலியும் பெக்கரும் கண்ட பிரிவினைதான் இங்கும்: கேட்கும் திசு உள்ளவருக்கு வருகிறது, கேளாத திசு உள்ளவருக்கு வருவதில்லை.

கிளாகோமாவுக்கு இன்று நாம் கொடுக்கும் மருந்தே இந்த நம்பிக்கைக்கு எதிர்ச் சாட்சி. 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, பல ஆண்டுகள் கிளாகோமா சிகிச்சையின் முதுகெலும்பாக இருந்த டிமோலால் என்ன செய்கிறது? அட்ரினலின் குடும்பத்துச் செய்திகளைக் கண்ணின் ஏற்பிகள் கேட்காதபடி தடுக்கிறது. அதனால் உள்நீர் சுரப்பு குறைகிறது. இரவில் தூங்கும்போது அதன் பலன் ஏறக்குறைய இல்லாமல் போகிறது, ஏனென்றால் அந்நேரத்தில் அட்ரினலின் தானாகவே தணிந்து, நீர்ச் சுரப்பும் பாதியளவுக்குக் குறைந்திருக்கிறது. அதாவது, பகலில் நம் கண்ணுக்குள் எவ்வளவு நீர் ஊறுகிறது என்பதில் ஒரு ஹார்மோனின் கை இருக்கிறது. டிமோலாலை எழுதித் தருமுன் கண் மருத்துவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ஆஸ்துமா இருக்கிறதா, இதயத் துடிப்பு மிகவும் குறைவா? கண்ணில் விடும் ஒரு சொட்டு மூச்சுக்குழலைச் சுருக்கும், இதயத்தை மெதுவாக்கும் என்று அவருக்குத் தெரியும். கண்ணிலிருந்து உடலுக்குப் போகும் வழியை இவ்வளவு கவனமாகக் காக்கும் மருத்துவம், உடலிலிருந்து கண்ணுக்கு வரும் வழியில் காவல் வைக்காமல் இருப்பது எப்படி முறையாகும்?

தைராய்டுக்கு வருவோம். கிரேவ்ஸ் நோயில் கண்குழிக்குள் இருக்கும் தசைகளும் கொழுப்பும் வீங்குகின்றன. எலும்புச் சுவருக்குள் இடம் நெருக்கடியாகிறது. கண்ணிலிருந்து இரத்தத்தை எடுத்துச்செல்லும் சிரைகளில் அழுத்தம் ஏறுகிறது. வலைத்திசு வழியாக வடிந்த நீர் கடைசியில் சேர வேண்டிய இடம் இந்தச் சிரைகள்தான். போய்ச் சேரும் இடத்தில் அழுத்தம் கூடினால் கண்ணுக்குள்ளும் கூடியே தீரும். இது எளிய இயற்பியல். இறுகிய தசைகள் காரணமாக, மேலே அண்ணாந்து பார்க்கும்போது மட்டும் அழுத்தம் எகிறுவதும் இந்த நோயாளிகளிடம் காணப்படுகிறது. தைராய்டு குறைவாகச் சுரப்பதன் கதை இவ்வளவு தெளிவானது அல்ல. வலைத்திசுவில் பசைபோன்ற பொருள் படிந்து வடிகாலைத் தடுக்கலாம் என்ற விளக்கம் உண்டு. சில ஆய்வுகள் தொடர்பைக் கண்டன, சில காணவில்லை. இந்த முரண்பாட்டைக் காட்டி, ஹார்மோன் வாதம் முழுவதையும் தள்ளிவிடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஹார்மோனைப் பற்றிய சான்று பலவீனமாக இருப்பது இன்னொன்றின் சான்றைப் பலவீனப்படுத்தாது. அதேபோல், தைராய்டு மாத்திரை சாப்பிடும் ஒவ்வொருவரையும் கிளாகோமா காட்டி அச்சுறுத்துவதும் பொறுப்பற்ற செயல். வீங்கிய கண்குழி உள்ளவரின் அழுத்தத்தை அளப்பது அவசியம். மற்றவர்களைப் பயமுறுத்தத் தேவையில்லை.

சர்க்கரை நோயை ஹார்மோன் கோளாறு என்று நினைக்கவே பலருக்குத் தோன்றுவதில்லை. இன்சுலின் ஒரு ஹார்மோன். அது போதாமலோ உடல் அதற்குச் செவிசாய்க்காமலோ போவதுதான் சர்க்கரை நோய். 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் இதோடு வாழ்கிறார்கள். நெடுநாள் கட்டுக்கடங்காத சர்க்கரை விழித்திரையின் நுண்குழல்களை அடைத்து அதை மூச்சுத்திணற வைக்கிறது. திணறும் விழித்திரை, புதிய இரத்தக் குழல்களை வளர்க்கும் ஒரு புரதத்தை வெளிவிடுகிறது. அது கண்ணின் முன்பகுதிக்கும் பரவி, கருவிழிப் படலத்தின்மேலும் வடிகால் கோணத்திலும் மெல்லிய குழல்களை முளைக்க வைக்கிறது. குழல்களோடு வரும் சவ்வு சுருங்கும்போது கோணம் இழுத்து மூடப்படுகிறது. பிறகு வருவது, கிளாகோமாக்களிலேயே மிகக் கொடிய ஒன்று: தாங்க முடியாத வலி, சிவந்த கண், சொட்டு மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத அழுத்தம். கணையத்தில் தொடங்கிய ஒரு குறை கண்ணின் வடிகாலில் வந்து முடிகிறது. இதில் எவரும் ஐயம் எழுப்பவில்லை. எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. ஆனாலும் 'கிளாகோமாவுக்கும் ஹார்மோனுக்கும் என்ன தொடர்பு' என்ற கேள்வி மட்டும் நிற்கவில்லை.

பெண்களின் நிலையை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதிகம் புறக்கணிக்கப்படுவது அதுதான். கர்ப்பக் காலத்தில் கண்ணழுத்தம் இறங்குகிறது. பலமுறை அளந்து உறுதிப்படுத்தப்பட்ட செய்தி இது. மாதவிடாய் நின்ற பிறகு அழுத்தம் சற்றே ஏறும் போக்கு காணப்படுகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வில், 45 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, 50ஐத் தாண்டி நின்றவர்களைவிடத் திறந்த கோணக் கிளாகோமா கூடுதலாக இருந்தது. இது வெறும் தற்செயல் ஒற்றுமை, வாழ்க்கை முறை வேறுபாடு என்று தள்ளிவிடுபவர்களுக்கு, அமெரிக்காவின் பெண்கள் நலத் திட்டத்தின் சோதனை பதில் சொல்கிறது. அங்கே பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு சாராருக்கு ஈஸ்ட்ரோஜனும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஈஸ்ட்ரோஜன் எடுத்தவர்களின் கண்ணழுத்தம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் பாதரச அளவு குறைந்திருந்தது. குலுக்கலில் பிரித்த கூட்டத்தில் வரும் வேறுபாட்டை வாழ்க்கை முறையின் தலையில் கட்ட முடியாது. அரை மில்லிமீட்டர் ஒரு பொருட்டா என்று கேட்கலாம். தனி ஒரு பெண்ணின் சிகிச்சைக்கு அது போதாது. கிளாகோமாவைத் தடுக்க ஈஸ்ட்ரோஜன் மாத்திரை சாப்பிடுங்கள் என்று எவரும் சொல்லக் கூடாது, அதற்கு மார்பகமும் இரத்த உறைவும் சார்ந்த அபாயங்கள் உண்டு. ஆனால் நாம் விவாதிப்பது சிகிச்சையை அல்ல, காரணத்தை. ஒரு ஹார்மோனைக் கொடுத்தால் அழுத்தம் அசைகிறது என்பது இங்கே நிரூபணமாகிறது. கருப்பையோடு சினைப்பைகளையும் இளவயதிலேயே அகற்றிக்கொண்ட பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். அவர்களிடம் கண் பரிசோதனையைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

நடைமுறை நம்பிக்கையின் கடைசிக் கோட்டை 21 என்ற எண். கண்ணழுத்தம் 21 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நலம், தாண்டினால் நோய் என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. அந்த எண் நலமான கண்களின் சராசரியிலிருந்து எடுத்த புள்ளியியல் கோடு மட்டுமே. பார்வை நரம்பு அதைப் பார்த்துச் சாவதில்லை. பால்டிமோரில் நடந்த ஆய்வில், கிளாகோமா கண்டறியப்பட்டவர்களில் பாதிப் பேருக்குப் பரிசோதனை நாளில் அழுத்தம் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருந்தது. சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்விலும், திறந்த கோணக் கிளாகோமா உள்ளவர்களில் பெரும்பான்மையினரின் அழுத்தம் 'இயல்பான' அளவிலேயே இருந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தமக்கு நோய் இருப்பதையே அறியாமல் இருந்தார்கள். அப்படியானால் அழுத்தம் மட்டுமே கதை அல்ல. நரம்பின் தாங்கும் வலிமையும் அதற்கு வரும் இரத்தமும் கணக்கில் வருகின்றன. விழித்திரையின் நரம்பணுக்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் இருப்பதால், அந்த ஹார்மோன் நரம்பைக் காக்கவும் உதவுகிறதா என்று ஆராய்கிறார்கள். எண்ணோடு நின்றுவிடும் மருத்துவத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. பிட்யூட்டரி கட்டி பார்வை நரம்புகள் சந்திக்கும் இடத்தை அழுத்தும்போது உண்டாகும் பார்வை இழப்பு, சில வேளைகளில் இயல்பழுத்தக் கிளாகோமாவாகத் தவறாகக் கொள்ளப்படுகிறது. கண்ணோடு நின்றுவிடுபவர் அங்கே சொட்டு மருந்து கொடுத்து அனுப்புவார், கட்டி வளர்ந்துகொண்டிருக்கும்.

பெரும்பாலான கிளாகோமா நோயாளிகளுக்கு எந்த ஹார்மோன் கோளாறும் இல்லையே என்பது மற்றொரு மறுப்பு. ஒப்புக்கொள்கிறேன். ஹார்மோன்தான் எல்லாக் கிளாகோமாவுக்கும் வேர் என்பது என் வாதம் அல்ல. 'ஹார்மோனைச் சமன்செய்து' கிளாகோமாவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட ஆதரவு இல்லை. ஆனால் ஒரு காரணம் சிறுபான்மையினருக்கே பொருந்தும் என்பதால் அதை யாரிடமும் கேட்காமல் விடலாம் என்று ஆகாது. அதிலும் இது, கேட்டால் தடுத்துவிடக்கூடிய காரணம். வயதை யாராலும் மாற்ற முடியாது, பெற்றோரை மாற்ற முடியாது. ஸ்டீராய்டை மாற்றலாம், குறைக்கலாம், கண்காணிக்கலாம். சுரப்பிக் கட்டியை அகற்றலாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கலாம். ஒவ்வொருவருக்கும் ஹார்மோன் பரிசோதனை செய்ய நம் நாட்டில் பணம் எங்கே என்ற கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. நான் கேட்பது இரத்தப் பரிசோதனை அல்ல. நாலைந்து கேள்விகள், அவற்றுக்கான பதிலை நோயாளியின் சீட்டில் எழுதி வைக்கும் இரண்டு நிமிடங்கள். மூன்றாவது அச்சம் உண்மையானது: இதைப் படித்துவிட்டு ஆஸ்துமா நோயாளி தன் ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தூக்கி எறிந்தால்? எறியக் கூடாது. மூச்சு நின்றால் உயிர் போகும். ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. மருந்தைத் தொடர்ந்துகொண்டே கண்ணை அளந்து பார்ப்பதுதான் வழி. மக்கள் பயந்துவிடுவார்கள் என்று தகவலை மறைப்பது அவர்களைக் காப்பது ஆகாது.

இந்த அறியாமைக்கு மிகக் கொடிய விலை கொடுப்பவர்கள் குழந்தைகள். கோடையில் கண் அரித்துச் சிவக்கும் ஒவ்வாமை நம் தட்பவெப்பத்தில் சாதாரணம். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை விட்டால் ஒரே நாளில் அரிப்பு அடங்கும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத அந்த மருந்து, பழைய புட்டியைக் காட்டினால் கடையில் கிடைத்துவிடுகிறது. அரிக்கும்போதெல்லாம் விடுகிறார்கள், ஆண்டுக்கணக்கில் விடுகிறார்கள். அழுத்தம் ஏறுவது வலிப்பதில்லை. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்குவது குழந்தைக்குச் சொல்லத் தெரிவதில்லை. முகத்தை வெளுக்க வைக்கும் என்று பூசப்படும் ஸ்டீராய்டு களிம்புகளும் இமை வழியாக இதே வேலையைச் செய்யக்கூடும். மருந்தை நிறுத்தினால் அழுத்தம் பலருக்கு இறங்கும். நெடுநாள் பயன்படுத்தியவர்களுக்கு இறங்காமலே நின்றுவிடுவதும் உண்டு. செத்த நரம்பு எவருக்கும் திரும்பி முளைப்பதில்லை.

கண் மருத்துவர்களுக்கும், ஸ்டீராய்டு எழுதித் தரும் தோல், நுரையீரல், மூட்டு மருத்துவர்களுக்கும், சுரப்பி நோய் மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ஒருவர் கேட்பார் என்று மற்றவர் விட்டுவிடாதீர்கள். வாசகர்களுக்கும் ஒன்று. கண் பரிசோதனைக்குப் போகும்போது நீங்கள் சாப்பிடும் மாத்திரை, உறிஞ்சும் மருந்து, மூக்கில் தெளிப்பது, தோலில் பூசுவது, கண்ணில் விடுவது எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரையா, தைராய்டா, மாதவிடாய் எந்த வயதில் நின்றது என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஸ்டீராய்டை எந்த வடிவிலாவது சில வாரங்களுக்கு மேல் எடுக்க நேர்ந்தால் கண்ணழுத்தத்தை அளக்கச் சொல்லிக் கேளுங்கள். குழந்தையின் கண் சொட்டு மருந்தை மருத்துவர் சீட்டு இல்லாமல் இரண்டாம் முறை வாங்காதீர்கள்.